பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

ஹாலிஃபாக்ஸ்
செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் சௌக்கியம். முட்டிவலி மட்டும் தினமும் எனக்கு முன்னால் எழுந்துகொள்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? புதுக் கருவியை மாட்டிக்கொள்கிறாயா, இல்லை அதுவும் அலமாரியில்தான் தூங்குகிறதா? போன் பண்ணினால் நீ "என்ன, என்ன" என்று கேட்பதிலேயே பொழுது போய்விடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நம்முடைய மீன் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். முதல் ஆய்விதழ் பத்து மாதம் ஊறப் போட்டுவிட்டு, எங்கள் வாசகர்களுக்கு இதில் ஆர்வம் இருக்காது என்றது. இரண்டாவது இதழில் மதிப்பாய்வு செய்தவர் தன்னுடைய சொந்தக் கட்டுரைகளை எல்லாம் வரிசையாகக் கொடுத்து, இவற்றை மேற்கோள் காட்டாதது பெரும் குறை என்றார். காட்டினேன். அப்புறமும் வேண்டாம் என்றார். மூன்றாவது இதழ்தான் சரி என்றிருக்கிறது. பிக்கரல் மீனின் காதுக்கல்லில் வருஷத்துக்கு ஒன்றாக விழும் வளையங்களில், முதல் வளையத்தை எல்லோரும் விட்டுவிட்டு எண்ணுகிறார்கள், ஏரியில் இருக்கிற ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வயதைக் களவாடுகிறார்கள் என்று நீ ஓய்வு பெறும் நாள்வரை கத்திக்கொண்டிருந்தாயே, அது அச்சில் வரப்போகிறது. என் பெயர், அதற்கடுத்து உன் பெயர்.

ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு ஆசிரியரும் தன் அலுவலக மின்னஞ்சலிலிருந்து 'ஆம், இது என் கட்டுரைதான்' என்று ஒப்புதல் தர வேண்டுமாம். நீ ஓய்வு பெற்ற அன்று மாலையே உன் ஆய்வகம் உன் மின்னஞ்சலை மூடிவிட்டது. உங்கள் ஊர் அலுவலகத்துக்குப் போய், லினெட்டின் கணினியில் உட்கார்ந்து ஏதாவது செய்ய முடியுமா என்று பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நாய்க்கு என் அன்பு.

உன் தங்கை,
தோரா


கிம்லி
செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. காதுக் கருவியை மாட்டினேன். ஊரில் யாரும் கேட்கத் தகுந்ததாக ஒன்றும் பேசவில்லை என்று தெரிந்ததும் கழற்றிவிட்டேன். வயிறுதான் கொஞ்சம் மக்கர் செய்கிறது. சாப்பிட்டது தங்குவதில்லை. வயசு அப்படி, விடு.

கட்டுரையை ஏற்றுக்கொண்ட சேதியைப் படித்துவிட்டு ஏரிக்கரைவரை நடந்து போய் நின்றேன். நாற்பது வருஷம் அரசாங்க ஆய்வகத்தில் இருந்து அறிக்கை அறிக்கையாக எழுதினேன். எல்லாவற்றிலும் இலாகாவின் பெயர்தான் இருக்கும், என் பெயர் இருக்காது. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது தோரா. இதை நேரில் சொல்ல எனக்கு வராது, எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னபடி ஊர் அலுவலகத்துக்குப் போனேன். லினெட் வரி வாங்குகிற வேலையை நிறுத்திவிட்டு எனக்காக உட்கார்ந்தாள்.

"உங்க நிறுவனம் எதுன்னு கேக்குது, பால்டர்."

"ஏரின்னு போடு."

"பட்டியல்ல இல்ல."

"அப்ப ஓய்வுன்னு போடு."

"அதுவும் இல்ல. வேணும்னா செனகல்ல ஒரு காலேஜ் இருக்கு, போடவா?"

சொந்த மின்னஞ்சல் ஒன்றை அவளே உண்டாக்கிக் கொடுத்தாள். அது செல்லாது என்று பதில் வந்தது. மறுபடி முயன்றோம். சந்தேகத்துக்குரிய நடவடிக்கை என்று கதவையே சாத்திவிட்டது. இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பெருமை. இனி உன் பாடு. எப்படியாவது முடி.

அன்புடன்,
பால்டர்


ஹாலிஃபாக்ஸ்
அக்டோபர் 6

அன்புள்ள அண்ணா,

வயிற்றுக்கு டாக்டரைப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். பார். நான் நன்றாக இருக்கிறேன், கோபத்தைத் தவிர வேறு வியாதி இல்லை.

ஆய்விதழ் அலுவலகத்தில் ஹோலி என்று ஒரு பெண். மூன்றாவது தடவை போனில் பிடித்தேன்.

"அவரோட அலுவலக மின்னஞ்சல்லேருந்து ஒப்புதல் வரணும், மேடம்."

"அவர் ஓய்வு பெற்றுட்டார்மா. அவருக்கு அலுவலகமே கிடையாது."

"அப்ப அவர் பேரை எடுத்துடலாமே."

"அவர் கண்டுபிடிச்ச விஷயம் அது."

"சரி மேடம். ஆனா எடுக்கறதா இருந்தாலும் அவர் ஒப்புதல் வேணும். அலுவலக மின்னஞ்சல்லேருந்து."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பெண்தான். அவளுக்கும் மேலே யாரோ இருக்கிறார்கள்.

என் அவசரம் உனக்குத் தெரியும். பிப்ரவரியில் ஆய்வு மானியக் கமிட்டி கூடுகிறது. போன ஐந்து வருஷத்துக்குக் காட்ட இந்தக் கட்டுரை ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. இது வராவிட்டால் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு, முதலாண்டு வகுப்புக்குத் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

ஒருவழியாக முடித்துவிட்டேன். எப்படி என்று கேட்காதே. நவம்பரில் வந்துவிடும்.

அன்புடன்,
தோரா


கிம்லி
நவம்பர் 24

அன்புள்ள தோரா,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை நீ நம்ப வேண்டுமே என்றுதான் கவலையாக இருக்கிறது. ஏனென்றால் நான் செத்துப் போய்விட்டேன்.

லினெட் கட்டுரையை அச்செடுத்து வைத்துவிட்டு ஆள் அனுப்பினாள். போனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காகிதத்தை நீட்டினாள். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி. கீழே பொடி எழுத்தில்: காலமானார். லினெட் சொன்னாள், "அச்சுல வந்துட்டா அப்புறம் அது உண்மைதான், பால்டர். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்தப் பக்கத்தைக் காப்பிக் கடைப் பலகையில் குத்திவிட்டேன். ஊரே வந்து படித்தது. கடைக்காரி செத்தவனிடம் காசு வாங்கமாட்டேன் என்கிறாள். பாதிரியார் என்னைப் பார்த்ததும், "உங்களுக்குப் பிரசங்கம் ரெடியா இருக்கு, எப்ப சௌகரியம்?" என்றார். மீனுக்கு ஒரு வயதை விட்டுவிட்டார்கள் என்று சொல்கிற கட்டுரையில் என் ஆயுளில் எவ்வளவை விட்டிருக்கிறார்கள் பார்த்தாயா?

எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் குறியைப் பார்க்க முடியவில்லை தோரா. ஒரே ஒரு கட்டுரை. அதில் என் பெயர் சும்மா ஒரு பெயராக, பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் இருப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும். மாற்றச் சொல். கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்.

பதில் தாமதமானதற்குக் காரணம், நடுவில் இரண்டு தடவை வின்னிபெக் நகரத்துக்குப் போய் வந்தேன். கண்ணாடி மாற்ற.

அன்புடன்,
காலஞ்சென்ற பால்டர்


ஹாலிஃபாக்ஸ்
டிசம்பர் 3

அன்புள்ள அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்து நலம் என்று தெரிந்துகொண்டேன். என் நலத்தைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்தான் செய்தேன். திரையின் கடைசியில் ஒரே ஒரு கட்டம் இருந்தது: 'இந்த ஆசிரியர் காலமாகிவிட்டார், ஒப்புதல் தேவையில்லை.' ஓய்வு பெற்றவர்களுக்குக் கட்டம் இல்லை, செத்தவர்களுக்கு இருக்கிறது. ஹோலிதான் சொன்னாள், "அதுல ஒரு டிக் போட்டுடுங்க மேடம், சரிபார்க்க அச்சுப்படி வரும்போது எடுத்துடலாம். நிறையப் பேர் பண்றதுதான்." போட்டேன். அச்சுப்படி பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் வந்தது, இரண்டே நாள் கெடு. அட்டவணைகளை ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். முதல் பக்கத்தில் பெயர்கள் இருக்கின்றன, அதில் என்ன தப்பு வரப்போகிறது என்று தாண்டிப் போய்விட்டேன்.

என்னை மன்னித்துவிடு. திருத்தக் குறிப்பு வெளியிட ஒரு நடைமுறை இருக்கிறது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று, அதிகாரமுள்ள ஒருவர் முன்னால் நீ கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் வேண்டுமாம். அதை அனுப்பு. வந்த அன்றே அனுப்பிவிடுகிறேன்.

கண்ணாடி மாற்ற எதற்கு இரண்டு தடவை?

உன் தங்கை,
தோரா


கிம்லி
டிசம்பர் 15

அன்புத் தங்கைக்கு,

வெட்கப்படாதே. சின்ன வயதில் என் படகில் நீ ஓட்டை போட்டபோதே மன்னித்தவன் நான்.

வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. சத்தியப் பிரமாணம் வாங்குகிற அதிகாரம் எங்கள் ஊரில் லினெட்டுக்குத்தான். முத்திரையை வைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பால்டர் எய்ஃபோர்ட்ங்கிறது நீங்கதானா?"

"இருபது வருஷமா உனக்கு மீன் கொடுக்கிறவன்."

"கேட்டதுக்குப் பதில். உயிரோட இருக்கீங்களா?"

"இப்போதைக்கு."

அதற்கு அவள் சிரிக்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். பனி கொட்டுவதை வேடிக்கை பார்க்கிறாளாம்.

கிறிஸ்துமஸுக்கு அம்மா செய்துவந்த ப்ளம் அடுக்கு கேக்கை இந்த வருஷம் நான் செய்யவில்லை. லினெட் செய்ததில் பாதி உனக்கு அனுப்பியிருக்கிறேன். நாயைப் பக்கத்து வீட்டு மாக்னஸிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்குத் துணை வேண்டியிருந்தது. ஏரி நன்றாக உறைந்துவிட்டது. பனிக்கட்டியைத் துளைத்து வலை போட நான் போகவில்லை.

இந்தத் தாளைச் சீக்கிரம் அனுப்பிவிடு, என்ன? நான் அவசரப்படுத்துகிற ஆள் இல்லை, உனக்கே தெரியும்.

அன்புடன்,
பால்டர்


ஹாலிஃபாக்ஸ்
ஜனவரி 14

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேக் உடையாமல் வந்தது. நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன். நாயைக் கொடுத்துவிட்டேன் என்று ஏதோ பழைய நாற்காலியைக் கொடுத்த மாதிரி எழுதுகிறாயே. அது உன் கட்டிலில் படுக்கிற நாய். என்ன ஆயிற்று உனக்கு?

திருத்தம் பற்றி. ஆய்விதழ் அலுவலகம் ரொம்ப மெதுவாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை, அப்புறம் ஆள் மாற்றம் என்று ஏதேதோ சொல்கிறார்கள். ஹோலி இப்போது அங்கே இல்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். நான் விடமாட்டேன்.

கமிட்டிக்கான கோப்பை நேற்று அனுப்பினேன். முதல் பக்கத்தில் நம் கட்டுரைதான். வேறு எதுவும் யோசிக்க முடியாத நிலையில் இருக்கிறேன். கோடையில் வருகிறேன், சேர்ந்து படகில் போகலாம்.

அன்புடன்,
தோரா


கிம்லி
பிப்ரவரி 2

அன்புள்ள தோரா,

நான் சொல்லச் சொல்ல லினெட் எழுதுகிறாள். கைவிரல் குளிரில் மடங்கமாட்டேன் என்கிறது. மற்றபடி சுகம். நிறையத் தூங்குகிறேன்.

திருத்தத்துக்கு அவசரமில்லை. அலுவலகங்கள் அப்படித்தான், நானும் ஒரு அலுவலகத்தில் இருந்தவன்தானே. உன் கமிட்டி முதலில் முடியட்டும். அவர்கள் கேள்வி கேட்டால் வேகமாகப் பேசாதே. கோபம் வந்தால் நீ வேகமாகப் பேசுவாய்.

நம் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா? சும்மா கேட்டேன்.

கோடை தூரமாக இருக்கிறது. முடிந்தால் முன்னாலேயே வா. முடியாவிட்டால் பரவாயில்லை.

அன்புடன்,
பால்டர்


ஹாலிஃபாக்ஸ்
பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணா,

விரல் சரியாகிவிட்டதா? இந்தக் கடிதத்துக்கு நீயே உன் கையால் பதில் எழுத வேண்டும்.

மானியம் கிடைத்துவிட்டது. ஐந்து வருஷம். காலையில் தகவல் வந்தது, ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். கமிட்டியில் ஒருவர் நம் கட்டுரையைப் பெயர் சொல்லிப் பாராட்டினாராம். நான் வேகமாகப் பேசவில்லை, நீ சொன்னபடி.

நார்வேயில் ஒருவர் நம்மை மேற்கோள் காட்டியிருக்கிறார். 'எய்ஃபோர்ட், எய்ஃபோர்ட்' என்று இரண்டு பேரையும் போட்டிருக்கிறார். அதில் சிலுவை இல்லை, பார்த்துவிட்டேன்.

திருத்தக் கோரிக்கையை இன்று மதியம் அனுப்பிவிட்டேன். உன் வாக்குமூலத்தையும் சேர்த்து. இனி அது அவர்கள் பொறுப்பு.

ஈஸ்டருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நாயையும் மாக்னஸிடமிருந்து ஒரு வாரத்துக்கு வாங்கி வை.

உன் தங்கை,
தோரா


கிம்லி
மார்ச் 22

அன்புள்ள தோரா அவர்களுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் உங்களை விசாரிக்கிறார்கள்.

பால்டருக்குப் பிரார்த்தனை நடந்த அன்று தேவாலயத்தில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அது அத்தனை பேர் நடுவில் சொல்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வயிற்றில் இருந்தது புற்றுநோய் என்று அக்டோபர் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. வின்னிபெக்குக்கு நான்தான் காரோட்டினேன். உங்களுக்கு எழுதச் சொல்லிச் சண்டை போட்டேன். "அவளுக்குப் பிப்ரவரியில கமிட்டி. அது முடியட்டும்" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் விடலாம். ஆனால் அவர் உங்கள்மேல் வருத்தத்தோடு போனார் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. ஜனவரியில் உங்கள் கடிதம் வந்தபோது, ஆய்விதழ் அலுவலகத்துக்கு என்னையே போன் பண்ணச் சொன்னார். பண்ணினேன். அப்படி ஒரு கோரிக்கையே இங்கே வரவில்லை என்றார்கள். திருத்தம் கேட்டால் அது முடியும்வரை கட்டுரையின் தலையில் 'பரிசீலனையில் உள்ளது' என்று போட்டுவிடுவார்களாம். அதைச் சொன்னதும் பால்டருக்குப் புரிந்துவிட்டது. "கமிட்டி கண்ணுல அது படக்கூடாது. அவ செஞ்சது சரிதான். நீ போன் பண்ணினதை அவகிட்ட சொல்லிடாத" என்றார்.

உங்கள் கடைசிக் கடிதம் மார்ச் நான்காம் தேதி வந்தது. படித்துக் காட்டினேன். மானியம் கிடைத்ததைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். 'இன்று மதியம் அனுப்பிவிட்டேன்' என்று வந்த இடத்தில் சிரித்தார். "அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சின்ன வயசுலேருந்தே." அதற்கு இரண்டாம் நாள் காலையில் போய்விட்டார். நாய் கட்டிலில்தான் இருந்தது. மாக்னஸ் கொண்டுவந்து விட்டிருந்தான்.

மண் இன்னும் குளிரில் உறைந்து கல்லாக இருக்கிறது. மே மாதம் இளகியதும் அடக்கம். தேதி சொல்கிறேன்.

இப்படிக்கு,
லினெட்


ஹாலிஃபாக்ஸ்
மே 8

அன்புள்ள லினெட்,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்துக்கு ஒன்றரை மாதமாகப் பதில் எழுதவில்லை. நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. அவருடைய வாக்குமூலம் டிசம்பர் முதல் பிப்ரவரி முடியும்வரை என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. தினமும் திறந்து பேனா எடுத்த இழுப்பறை அது. ஐந்து வருஷ மானியம் எனக்குக் கிடைத்தது. ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டது அவருக்குக் கிடைக்கவில்லை. நானே அதை எனக்கு எத்தனை விதமாகச் சொல்லிக்கொண்டாலும் இப்படித்தான் வந்து நிற்கிறது. கண்ணாடி மாற்ற எதற்கு இரண்டு தடவை என்று கேட்டேன். பதில் வராதபோது மறுபடி கேட்கவில்லை.

நேற்று திருத்தக் குறிப்பு வெளியாகிவிட்டது. ஒரு தனிப் பக்கம், தனி எண்ணோடு. அதை அப்படியே எழுதுகிறேன்: 'இக்கட்டுரையின் இரண்டாம் ஆசிரியரான பால்டர் எய்ஃபோர்ட் காலமானவர் என்று தவறுதலாகக் குறிக்கப்பட்டது. அவர் உயிருடன் இருக்கிறார். பிழைக்கு ஆசிரியர்கள் வருந்துகிறார்கள்.' கட்டுரையிலும் மாற்றிவிட்டார்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் இப்போது ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருக்கிறது.

இதை நிறுத்தியிருக்கலாம். அவர் போய்விட்டார் என்று மார்ச்சிலேயே ஆய்விதழ் அலுவலகத்துக்கு எழுதியிருக்கலாம். என் கை போகவில்லை. இன்று காலை அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, இதில் மேலும் மாற்றம் உண்டா, உண்டு என்றால் எல்லா ஆசிரியர்களும் ஒப்புதல் தர வேண்டும் என்று. இல்லை என்று எழுதிவிட்டேன். என் வேலையில் இது பெரிய தப்பு. தெரிந்தேதான் செய்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தையும் குறிப்பையும் இத்துடன் வைத்திருக்கிறேன். காப்பிக் கடைப் பலகையில் பழைய தாள் இன்னும் இருந்தால் கழற்றிவிட்டு இவற்றைக் குத்துங்கள். அடக்கத்துக்கு நான் வந்து சேரும்வரை இருக்கட்டும். யாராவது கேட்டால், நீங்கள் அவரிடம் சொன்னதையே சொல்லுங்கள், அச்சில் வந்துவிட்டால் அது உண்மைதான் என்று.

நாயை மாக்னஸ் கொடுப்பாரா என்று கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
தோரா